மலைக்குப் போகிறீர்களா? திரும்பும் நேரத்தை முதலில் எழுதி வையுங்கள்!

திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. மொட்டை மாடியில் ஏறி நின்றால் மலை தெரியும். ஒரு பக்கம் சிறுமலை. வானம் தெளிந்த நாளில் இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை.

"அப்பா! அந்த மலைக்கு நடந்து போகலாமா?" என்று பையன் கேட்கிறான்.

"ஓ! தாராளமாகப் போகலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவோம்" என்கிறார் அப்பா.

அவ்வளவுதான். திட்டம் முடிந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆற அமரக் குளித்து, இட்லி சாப்பிட்டு, பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, 11 மணிக்குக் கிளம்புகிறார்கள். காலில் ரப்பர் செருப்பு. நாலு பேருக்கு ஒரு பாட்டில் தண்ணீர். எந்தப் பாதை, எத்தனை தூரம், எப்போது திரும்புவது என்பது யாருக்கும் தெரியாது.

கேட்டால், "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள்.

பல தடவை ஒன்றும் ஆகாது. சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார்கள். ஆனால், மலை எல்லா நாளும் ஒரே மாதிரி இராது. ஒரு நாள் அது முகத்தை மாற்றிக்கொள்ளும். அந்த ஒரு நாளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

நமக்குப் பக்கத்து மாவட்டமான தேனியில், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையில் இருந்து ஒரு குழு வந்தது. ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து இன்னொரு குழு வந்தது. படித்த பிள்ளைகள். வேலை பார்க்கும் பெண்கள். புதிதாக மணமானவர்களும் இருந்தார்கள். கொழுக்குமலைக்கு ஏறிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

புல் காய்ந்து கிடந்தது. காற்று பலமாக வீசியது. காட்டுத் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

முதலில் ஓடி வந்தவர்கள் உள்ளூர் மக்கள்தான். பிறகு வனத்துறையும், போலீசும், விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனாலும், இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. சிலர் மலையிலேயே இறந்தார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. முட்டாள்களும் அல்ல. மலையை ஆசையோடு பார்க்கப் போனவர்கள். ஆனால், போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை. போன மாதமோ தீப் பிடிக்கும் மாதம்.

அந்தத் தாய் தகப்பன்மாரின் அழுகையை நினைத்துப் பாருங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு இனி நம் வாயில் வரலாமா?

தடை போட்டால் சரியாகிவிடுமா?

குரங்கணிக்குப் பிறகு, "மலையேற்றமே வேண்டாம். மொத்தமாகத் தடை போடுங்கள்" என்று பலர் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சில் பாசம் இருக்கிறது. ஆனால், இது சரியான மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை.

என்ன காரணம்? தடை போட்டால் நல்ல பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். துணிச்சல்காரர்கள் திருட்டுத்தனமாகப் போவார்கள். திருட்டுத்தனமாகப் போகிறவன் வழிகாட்டியைக் கூப்பிட மாட்டான். வனத்துறைக்குச் சொல்ல மாட்டான். காட்டில் மாட்டிக்கொண்டால், அவன் எங்கே இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மலையைத் தெரியாத பிள்ளை மலையைக் காப்பாற்றாது. நாம் குடிக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணைக்கு மலையில் பெய்யும் மழைதான் தண்ணீர் கொண்டுவருகிறது. சந்தானவர்த்தினி ஆறு சிறுமலையில் பிறக்கிறது. குழாயைத் திறந்தால் வருவது மலையின் தண்ணீர்! இதை ஒரு பிள்ளை புத்தகத்தில் படிப்பது வேறு. ஓடைக்கரையில் நின்று கண்ணால் பார்ப்பது வேறு.

ஆகவே, போக வேண்டும். குடும்பத்தோடு போக வேண்டும். ஆனால், ஒழுங்காகப் போக வேண்டும்.

நடந்தே போன காலம்

மலையில் நடப்பது நமக்குப் புதிது அல்ல. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வந்து சுமார் நூறு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் பெரியகுளம் பக்கம் இருந்து, கும்பக்கரை, வெள்ளகவி வழியாக நடந்தே மலை ஏறினார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் அமெரிக்கப் பாதிரிமார்களும் குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் போனார்கள். பல்லக்கைச் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் நடந்துதான் போனார்கள்.

வெள்ளகவி மலைக் கிராமம் இன்றும் இருக்கிறது. அந்த ஊருக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பது இல்லை. ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது அந்த ஊரின் மரியாதை.

சிறுமலையிலும் இப்படித்தான். வாழை, எலுமிச்சை, காபி, மிளகு ஆகியவற்றை விளைவிக்கும் மக்கள், சாலை இல்லாத தோட்டங்களில் இருந்து குதிரைகளில் சுமை ஏற்றி வருவார்கள். நமக்குக் காடாகத் தெரிவது அவர்களுக்கு வீடு. அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவதுதானே முறை?

முதல் வேலை: அனுமதி

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நீங்கள் எந்தப் பாதையில், எத்தனை பேர், எந்த நாளில் போகிறீர்கள் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். ஆபத்து வந்தால் தேடி வருவதற்கு ஆள் உண்டு என்று பொருள்.

2018-ல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் ஒரு புதிய திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் போகலாம். மலைவாழ் மக்களின் பிள்ளைகளே பலர் வழிகாட்டிகள். நமது மாவட்டத்தின் வட்டக்கானல் – வெள்ளகவி பாதையும், தேனி மாவட்டத்தின் குரங்கணிப் பாதையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன.

பார்த்தீர்களா! கண்ணீர் சிந்திய அதே குரங்கணியில் இருந்து, வழிகாட்டியுடன் முறையாகப் போக வழி செய்தார்கள். மலையைப் பூட்டி வைப்பதைவிட இது நல்ல பாடம்.

தீக் காலத்தில் இந்தப் பாதைகளை மூடுவது வழக்கம். பிப்ரவரி நடுவில் இருந்து கோடை மழை விழும்வரை புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் காட்டுப் பாதையை மறந்துவிடுங்கள். அதேபோல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை, பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கும் ஓடிப் போகாது.

கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. புறப்படும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தில் நைஸ்மித் என்று ஒரு மலையேறி இருந்தார். 1892-ம் ஆண்டில் அவர் ஒரு சுலபமான கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அதை இப்படிச் சொல்லலாம்:

5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏறினால், அதற்குத் தனியாக இன்னும் ஒரு மணி நேரம்.

நம் கணக்கைப் போடுவோம். போக 5 கிலோமீட்டர். ஏற்றம் 300 மீட்டர். நடைக்கு ஒரு மணி, ஏற்றத்துக்கு அரை மணி. ஆக, ஒன்றரை மணி நேரம்.

ஆனால், நைஸ்மித் கணக்கு பழகிய கால்களுக்கு! பிள்ளைகளையும் அம்மாவையும் அழைத்துப் போகும் நமக்கு இரண்டு மடங்கு வேண்டும். அதாவது, ஏற 3 மணி நேரம். சாப்பிட்டு இளைப்பாற ஒரு மணி நேரம். இறங்க இரண்டரை மணி நேரம். மொத்தம் ஆறரை மணி நேரம்.

காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் பகல் ஒன்றரை மணிக்குக் கீழே வந்துவிடலாம். ஒரு மணி நேரம் தாமதம் ஆனாலும் கவலை இல்லை. மலையில் மழையும் இடியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதற்குள் பத்திரமாக வந்துவிடலாம்.

பிரியாணி வாங்கிக்கொண்டு 11 மணிக்குத் தொடங்கினால்? மாலை ஐந்தரை மணி! அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்தான். ஒரு கால் சுளுக்கினால் இருட்டிவிடும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மரம் அடர்ந்த காட்டில் அதற்கு முன்பே இருட்டு வந்துவிடும்.

ஒரே பாதைதான். ஒரே குடும்பம்தான். கிளம்பிய நேரம்தான் வித்தியாசம்.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் அதிகம் என்றால் மூன்று லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை. எல்லாவற்றையும் அப்பா தலையில் கட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு பை. அவரவர் தண்ணீர் அவரவர் பையில். வழி பிரிந்துவிட்டாலும் பிள்ளையிடம் தண்ணீர் இருக்கும்.

திண்டுக்கல் பிரியாணிக்கு நானும் ரசிகன்தான். ஆனால், ஏற்றத்தில் அது நண்பன் அல்ல. தாகம் எடுக்கும். நடை கனக்கும். இறங்கி வந்தபின் ஆசை தீரச் சாப்பிடலாம். மலைக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், பொரிகடலை போதும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். குரங்கு பார்த்துவிட்டால் பை உங்களுடையது அல்ல!

உடையும் செருப்பும்

உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். திண்டுக்கல்லில் 35 டிகிரி என்றால், கொடைக்கானலில் சுமார் 12 டிகிரி குறைவாக இருக்கும். மழையில் நனைந்து, காற்றும் அடித்தால் பிள்ளைகள் நடுங்கிப் போவார்கள். ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக் கோட்டும் இருக்கட்டும்.

ரப்பர் செருப்பு வேண்டாம். ஈரப் பாறையில் வழுக்கிவிடும். பழகிய பழைய ஷூ நல்லது. புது ஷூ கொப்புளம் போடும். முழுக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் முள்ளுக்கும் பூச்சிக்கும் காவல். மழைக்காலச் சோலையில் அட்டை கடிக்கும். பயப்பட வேண்டாம். கொஞ்சம் உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும்.

ஒரு டார்ச் லைட், ஒரு விசில், கட்டுப்போடத் துணி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. இவை எல்லாம் ஒரு சின்னப் பையில் அடங்கும். செல்போனை மட்டும் நம்பாதீர்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது.

போவதற்கு இரண்டு வாரம் முன்பு, நம் ஊர் மலைக்கோட்டைக்குக் குடும்பத்தோடு ஒரு முறை ஏறிப் பாருங்கள். அதற்கே மூச்சு வாங்கினால் சிறிய பாதையாகத் தேர்ந்தெடுங்கள். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

காட்டில் நாம் விருந்தாளி

சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் காட்டுமாடு உண்டு. பார்க்கப் பசு மாதிரி அமைதியாக நிற்கும். கிட்டப் போய்ப் படம் எடுக்கப் போனால் பாய்ந்துவிடும். தூரத்தில் நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

பாட்டுப் பெட்டி வேண்டாம். மது வேண்டவே வேண்டாம். ஓடையில் திடீர் வெள்ளம் வரும். மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் பாய்ந்து வரும். தண்ணீர் கலங்கினால் உடனே கரை ஏறுங்கள்.

பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. ஒரு நெருப்புத் துளி போதும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். என்ன காரணம்? சூடான காற்று மேலே எழுந்து, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. ஆகவே, கீழே புகையைக் கண்டால் மேடு பார்த்து ஓடாதீர்கள். புல் இல்லாத பாறையை நோக்கி, பக்கவாட்டில் விலகிப் போங்கள். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

கொண்டுபோன காகிதமும் பையும் உங்களோடு கீழே வரட்டும். ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் அல்ல. அந்த ஓடையின் தண்ணீரைக் கீழே குடிப்பது நம் பிள்ளைகள்தான்.

திரும்புவது தோல்வி அல்ல

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். எந்தப் பாதை, யார் யார், வழிகாட்டியின் போன் எண் என்று எழுதுங்கள். கீழே பெரிய எழுத்தில் ஒரு நேரத்தை எழுதுங்கள். "பகல் 11 மணி. எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்."

அந்தத் தாளை வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு மாமாவிடமோ கொடுங்கள். "மாலை 5 மணிக்குள் எங்களிடம் இருந்து போன் வராவிட்டால் வழிகாட்டிக்குப் போன் செய்யுங்கள். அவரும் கிடைக்காவிட்டால் 112-க்குச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பகல் 11 மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரியும். "இன்னும் கொஞ்ச தூரம்தான் அப்பா!" என்று பிள்ளை கெஞ்சுவான். உங்களுக்கும் ஆசையாக இருக்கும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு…" என்று மனம் இழுக்கும்.

திரும்பிவிடுங்கள்!

உச்சியைத் தொடுவது பாதி வழிதான். மீதிப் பாதி இறங்குவது. களைத்த காலும் அவசர மனமும் சேர்ந்தால் இறங்கும்போதுதான் சறுக்கும். பிள்ளையிடம் சொல்லுங்கள்: "மலை இங்கேயே இருக்கும். நாமும் இருந்தால் மறுபடி வரலாம்."

அன்று அவன் முகம் வாடும். ஆனால், சொன்ன நேரத்துக்குத் திரும்பிய அப்பாவை அவன் மறக்க மாட்டான். நாளை அவன் நண்பர்களோடு போகும்போது, "போதும், திரும்பலாம்" என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்கும். அந்த ஒரு சொல் பல உயிர்களைக் காக்கும்.

ஒரு வேண்டுகோள்

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வழிகாட்டியுடன் போகும் திட்டம் நல்ல திட்டம். ஆனால், தறி நெய்கிறவர், பூட்டு செய்கிறவர், தினக்கூலி வேலை பார்க்கிறவர் நாலு பேருக்குக் கட்டணம் கட்டுவது சுலபம் அல்ல. கட்டணத்துக்குப் பயந்து அவர்கள் திருட்டு வழியில் போனால், திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

சிறுமலையில் ஓர் அரை நாள் பாதை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிப் பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்குக் குறைந்த கட்டணம். வழிகாட்ட மலை ஊர் இளைஞர்கள். அவர்களுக்கு முழுச் சம்பளம். இப்படி ஓர் ஏற்பாடு செய்தால் என்ன? மலை ஊரில் பிழைப்பும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பும் உண்டு.

சிறுமலை பக்கத்தில்தான் இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வந்துவிடும். பஸ்ஸும் போகிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இன்று மாலை குடும்பத்தோடு உட்காருங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

முதல் வரியில் போகும் இடத்தை எழுத வேண்டாம். திரும்பும் நேரத்தை எழுதட்டும்!